அக்கராயனிலிருந்து பூநகரிக் கோட்டைக்கு

வரலாறு கற்போர் கோட்டைகளைப் பெரும்பாலும் கடல்வழி வந்தோரின் கண்கொண்டே காண்பர். கட்டியவர் யார், கைப்பற்றியவர் யார், கைவிட்ட ஆண்டு யாது என்பனவே பேசப்படும். பூநகரிக் கோட்டையை வன்னி நிலத்தினூடே நடந்து சென்று காண்பார்க்கோ அதன் பொருள் வேறாகத் தோன்றும். அந்நடைக்கு ஏற்ற தொடக்கம் அக்கராயன்.

அக்கராயன் என்னுஞ் சிற்றரசன் ஒருவனின் பெயரால் இவ்வூர் வழங்குகின்றது என்பது மரபு. அப்பெயரை இன்றுந் தாங்கி நிற்பது குளமேயாம். மாரி கழிந்த நாட்களில் அதன் அணைக்கட்டின்மீது நிற்பார்க்கு ஒருபுறம் விரிந்த நீர்ப்பரப்பும், மறுபுறம் வாய்க்கால் நீரால் வளர்ந்த நெல்வயல்களும் காட்சி தரும். அங்கிருந்து மேற்கே செல்லும் வழியிற் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு நிழல் செய்கின்றது. இடையிடையே வன்னேரிக்குளம், பல்லவராயன்கட்டு முதலாய ஊர்கள். குளமென்றுங் கட்டென்றும் முடியும் இப்பெயர்களே நீரைத் தேக்கி நிலத்தைத் திருத்திய மக்களின் வரலாற்றைக் கூறுவன.

பல்லவராயன்கட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்லக் காடு குறையும். மணலும் பனையும் மிகும். வானத்தை நம்பி விதைக்கும் வயல்கள் பரந்து கிடக்கும். மொட்டைக்கறுப்பன் நெல்லாற் பெயர்பெற்ற நாடு இதுவே. அவ்வெளியைக் கடந்தபின்னரே கோட்டை புலனாகும்.

யாழ்ப்பாண அரசை 1619இல் வென்ற போர்த்துக்கேயர் இதனை அமைத்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டில் இதனைத் திருத்தி விரித்தனர். ஆங்கிலேயர் 1805இல் இதனுள்ளே தங்குமடம் ஒன்றை எழுப்பினர். சதுர வடிவினதாய், எதிரெதிர் மூலைகளில் இரு கொத்தளங்களே உடையதாய் அமைந்த சிறு கோட்டை இது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 30 மீற்றர் நீளமானது. யாழ்ப்பாணக் கோட்டையின் பெருமை இதற்கில்லை.

இத்துணைச் சிறிய அரண் எதனைக் காத்தது? யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையே இரு வாயில்கள் இருந்தன. கிழக்கு வாயில் ஆனையிறவு. வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் அவ்வழியே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மேற்கு வாயில் பூநகரி. கடனீரேரியைத் தோணியிற் கடந்து மக்களும் நெல்லும் சென்ற வழி. ஆகவே, கோட்டை காத்தது வெறும் மணற்றிடலையன்று. நடந்து வந்தோர் கண்ட வயல்களுக்கும் அவற்றின் விளைவை உண்டோருக்கும் இடைப்பட்ட வாயிலையே.

அவ்வயல்களின் தொன்மையோ கோட்டையினும் மிகப் பெரிது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பகுதியில் நிகழ்த்திய ஆய்வு பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்ட ஓடுகளையும் வெளிப்படுத்தியது. ஐரோப்பியர் வருவதற்குப் பன்னூறாண்டுகள் முன்பே இங்கு எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்தனர் என்பது அதனாற் பெறப்படும்.

அண்மைக்காலப் போரும் இவ்வாயிலை விட்டு வைக்கவில்லை. 1993 நவம்பரிற் பூநகரிப் படைத்தளத்திற் கடும்போர் நிகழ்ந்தது. 2008 நவம்பரில் இராணுவம் இப்பகுதியை மீளக் கைப்பற்றியது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், வாகனங்கள் சிதைந்த மதில்களைப் பொருட்படுத்தாது விரைகின்றன.

எஞ்சிய மதிலைப் பேணுதல் கடனே. எனினும் மதிலை மட்டும் பேணிக் குளக்கட்டுகளையும் ஓடுகள் புதைந்த மேடுகளையும் மண்ணகழ்வோர்க்கு விட்டுவிடின், காவலாளியின் வரலாறு எஞ்சும். காக்கப்பட்டோரின் வரலாறு அழியும். இம்மண்ணின் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.