அசைவூட்டத்தில் காலமும் இடைவெளியும்

ஓர் அசைவு எத்தனை சட்டகங்களில் முடிகிறது என்பது காலம்; ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு உருவம் எவ்வளவு நகர்கிறது என்பது இடைவெளி. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள். ஒவ்வொரு படத்தையும் இரு சட்டகங்களுக்கு நிறுத்தினால் 12 படங்கள் போதும்.

மட்டக்களப்பு வாவியில் ஒருவர் வீச்சுவலை எறிகிறார், ஒரு நொடியில். உடலை முறுக்கிப் பின்வாங்கும் படங்களை நெருக்கி வரைந்தால் ஈரவலையின் பாரம் தெரியும்; கை விடும் இடத்தில் விலக்கி வரைந்தால் வேகம் பிறக்கும். எல்லாவற்றையும் சம இடைவெளியில் வைத்தாலும் அதே ஒரு நொடிதான், ஆனால் ஆளில் உயிர் இராது. புதியவர்கள் சட்டகங்களை எண்ணுவதோடு நின்றுவிடுவது வழக்கம். அசைவூட்டக் கலைஞர்களான பிராங்க் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட நூலின் 12 அசைவூட்டக் கோட்பாடுகளில் காலம் ஒன்று. மெல்லத் தொடங்கி மெல்ல அடங்குதல் வேறொன்று.

மட்டக்களப்பின் கூத்துக் களரி இவ்விரண்டையும் கற்க நல்ல பயிற்சிக்கூடம். காலத்தை, கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் வகுக்கிறது. இடைவெளி ஆடுபவரின் காலில் இருக்கிறது. வடமோடிக் கூத்தின் அரசன் சுழன்று நின்ற பிறகும், அவன் அணிந்த விரிந்த கரப்புடுப்பு சற்று ஆடியே அடங்கும். வரையும்போது ஆளையும் உடுப்பையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தினால் உடுப்பு எடையற்றுப் போகும்.