கரியமில வாயு பிடிக்கும் இடைத்துளைச் சிலிக்கா

இடைத்துளைச் சிலிக்கா என்பது 2 முதல் 50 நானோமீட்டர் வரை அகலமுள்ள துளைகள் நிறைந்த சிலிக்கான் டை ஆக்சைடு ஆகும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துளைகளின் உட்சுவரில் அமீன் எனப்படும் காரச் சேர்மங்களை ஏற்றினால், புகைபோக்கி வாயுவிலிருந்தோ காற்றிலிருந்தோ கரியமில வாயுவை (கார்பன் டை ஆக்சைடு) மட்டும் பிரித்தெடுக்கும் திண்மமாக இது மாறுகிறது. இதற்குத் தேவையான சிலிக்காவை மணலிலிருந்து மட்டுமன்றி நெல் உமியின் சாம்பலிலிருந்தும் பெறலாம். எனவே காரைக்கால் உள்ளிட்ட காவிரிப் படுகை போன்ற நெல் விளையும் பகுதிகளுக்கு இத்துறை நெருக்கமானது.

அமைப்பு

துளையுள்ள பொருட்கள் துளையின் அகலத்தைக் கொண்டு மூவகைப்படும். 2 நானோமீட்டருக்குக் குறைவானவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், அதற்கு மேற்பட்டவை பெருந்துளைகள். இடைத்துளைச் சிலிக்காவில் துளைகள் ஒரே அளவில், தேன்கூடு போல ஒழுங்காக அமைந்திருக்கும். ஒரு கிராம் பொருளின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கக்கூடும். இது ஏறத்தாழ கால் ஏக்கர் நிலத்துக்குச் சமம்.

இப்பரப்பு முழுவதும் சிலனால் என்னும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அமீன்கள் இவற்றின் மீதே பொருத்தப்படுகின்றன. அமீன் ஏற்றப்படாத சிலிக்கா கரியமில வாயுவை மிகக் குறைவாகவே பற்றும்.

வரலாறு

1990-ஆம் ஆண்டில் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுக்குச் சிலிக்கேட்டிலிருந்து சீரான துளைகள் கொண்ட சிலிக்காவைப் பெற்றனர். 1992-இல் அமெரிக்காவின் மொபில் நிறுவனத்தினர் எம்சிஎம்-41 என்னும் பொருளை அறிவித்தனர். சோப்பு போன்ற மூலக்கூறுகள் நீரில் திரண்டு உருளைகளாக அமைகின்றன. அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படிகிறது. பின்னர் 550 பாகை செல்சியசு அளவில் சூடாக்கும்போது சோப்பு எரிந்து துளை எஞ்சுகிறது. 1998-இல் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எஸ்பிஏ-15 உருவாக்கப்பட்டது. இதன் துளைகள் பெரியவை, சுவர்கள் தடித்தவை, ஆகையால் நீராவியை நன்கு தாங்கும்.

2002-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்சிஎம்-41-இன் துளைகளில் பாலியெத்திலீன் இமீன் என்னும் பல்லமீனை நிரப்பினர். அதன் பற்றுத்திறன் வெறும் எம்சிஎம்-41-ஐ விட ஏறத்தாழ 24 மடங்கு உயர்ந்தது. இதனை அவர்கள் 'மூலக்கூறுக் கூடை' என அழைத்தனர்.

செயல்படும் முறை

உலர்ந்த நிலையில் இரண்டு அமீன் தொகுதிகள் ஒரு கரியமில வாயு மூலக்கூற்றைப் பற்றிக் கார்பமேட்டு என்னும் சேர்மமாகின்றன. ஈரம் இருந்தால் ஓர் அமீனே ஒரு மூலக்கூற்றைப் பைகார்பனேட்டாகப் பற்ற முடியும். நைட்ரசனும் ஆக்சிசனும் இவ்வாறு பிணைவதில்லை. பின்னர் பொருளைச் சூடாக்கினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ வாயு தூய நிலையில் வெளியேறும். பொருள் மீண்டும் பயன்படும். பற்றுதலும் விடுதலும் சேர்ந்து ஒரு சுற்று எனப்படும்.

நீர்ம அமீன்களுடன் ஒப்பீடு

அமீன் கரைசலால் கரியமில வாயுவைப் பிரிக்கும் முறை 1930 முதல் அறியப்பட்டது. அதில் அமீன் 30 விழுக்காடு என்றால் எஞ்சிய 70 விழுக்காடு நீர். ஒவ்வொரு சுற்றிலும் இந்நீரையும் சேர்த்து 120 பாகை வரை சூடாக்க வேண்டும். ஒரு டன் வாயுவைப் பிரிக்க 3 முதல் 4 கிகா ஜூல் வெப்பம் செலவாகிறது. இதில் ஏறத்தாழ 2 கிகா ஜூல், அமீனுக்கும் வாயுவுக்கும் உள்ள பிணைப்பை முறிக்கத் தேவையானது. அமீன் திண்மத்தில் இருந்தாலும் இந்தப் பங்கு பெரிதும் குறையாது. நீரைச் சூடாக்கவும் ஆவியாக்கவும் செலவாகும் பங்கே மிச்சமாகும்.

உமிச்சாம்பலிலிருந்து தயாரித்தல்

நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிசிக் அமிலத்தை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை முழுதும் எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. எனவே ஒரு டன் நெல்லிலிருந்து சுமார் 36 கிலோ சிலிக்கா கிடைக்கக்கூடும்.

சாம்பலை எரிசோடாக் கரைசலில் கொதிக்கவைத்தால் சோடியம் சிலிகேட்டு கிடைக்கும். அதனுடன் சோப்பு மூலக்கூறுகளையும் அமிலத்தையும் சேர்த்து எம்சிஎம்-41 தயாரிக்கலாம். இந்தியா, மலேசியா முதலிய நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் இது செய்யப்பட்டுள்ளது. உமியை ஏறத்தாழ 700 பாகைக்குள் எரிப்பது முக்கியம். வெப்பம் மிகுந்தால் சிலிக்கா படிகமாகிவிடும். அது எளிதில் கரையாது. அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது.

தூத்துக்குடி ஆலை

தமிழ்நாட்டில் கரியமில வாயு பிடித்தலுக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் ஆலை. அங்கு 2016-இல் கார்பன் கிளீன் சொல்யூசன்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம் நிறுவப்பட்டது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிப்பது திட்டம். இதில் பயன்பட்டது நீர்மக் கரைசலே, திண்மச் சிலிக்கா அன்று. எனினும் பிடித்த வாயுவுக்கு ஆலைக்குள்ளேயே பயன் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

காரைக்கால்: ஓர் அளவுக் கணக்கு

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களால் சூழப்பட்ட காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். அரசலாறு இங்கு கடலில் கலக்கிறது. நெல் வயல்களுக்கு அருகிலேயே எரிவாயுவால் இயங்கும் 32.5 மெகாவாட்டு மின்நிலையம் புதுச்சேரி மின்திறல் குழுமத்தால் அமைக்கப்பட்டு 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தகைய நிலையத்தைக் கொண்டு தேவையின் அளவை மதிப்பிடலாம்.

முழுத்திறனில் இயங்கும்போது இவ்வளவு பெரிய நிலையம் மணிக்குச் சுமார் 15 டன் கரியமில வாயுவை வெளியிடும். கவர்பொருள் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வாயுவைப் பற்றி, மணிக்கு ஒரு சுற்று முடிக்கும் எனக் கொண்டால் 150 டன் கவர்பொருள் வேண்டும். அதில் பாதி அமீன், பாதி சிலிக்கா. 75 டன் சிலிக்காவுக்கு ஏறத்தாழ 2,100 டன் நெல்லின் உமி போதும். எக்டேருக்கு 5 டன் விளைச்சல் என்றால் இது 420 எக்டேரின் ஒரு போக விளைச்சல். தயாரிப்பு இழப்புகளைச் சேர்த்தால் தேவை சற்றுக் கூடும்.

ஆனால் அந்நிலையம் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் இயங்கினால் வெளிவரும் வாயு 1,20,000 டன். இது தூத்துக்குடித் திட்ட அளவைப் போல் இரு மடங்கு. ஆகவே, சிலிக்கா கிடைப்பதை விட, பிடித்த வாயுவைப் பயன்படுத்தவோ நிலத்தடியில் நிலையாகச் சேமிக்கவோ இடம் காண்பதே கடினமானது.

குறைபாடுகள்

* எரிவாயு நிலையப் புகையில் கரியமில வாயு 3 முதல் 4 விழுக்காடே உள்ளது. நிலக்கரிப் புகையில் 12 முதல் 15 விழுக்காடு. செறிவு குறையும்போது பற்றும் அளவும் குறையும்.
* உலர்ந்த கரியமில வாயுவில் மிகுதியாகச் சூடாக்கினால் அமீன்கள் யூரியா வகைச் சேர்மங்களாகிச் செயலிழக்கும். சிறிது ஈரம் இதைத் தடுக்கும்.
* கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. காற்றிலிருந்து நேரடியாகப் பிடிக்கும்போது பொருள் நீரையும் பற்றுவதால் மீட்புக்கு வெப்பம் கூடுதலாகும்.
* ஆக்சிசன் அமீன்களைச் சிதைக்கும். கந்தக டை ஆக்சைடு அவற்றுடன் பிணைந்து எளிதில் விலகாது.
* துளைகளை உருவாக்கும் சோப்பு மூலக்கூறுகள் விலை மிக்கவை. அவற்றை எரிக்கும்போதும் கரியமில வாயு வெளியாகிறது.

இவற்றையும் பார்க்க

* கரியமில வாயு
* புவி சூடாதல்
* சியோலைட்டு
* நெல் உமி
* காரைக்கால்