விபத்தும் குற்றமும்: சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தை முன்வைத்துச் சமூகவியல், குற்றவியல் கல்வி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் வெடிப்பு நிகழும்போதெல்லாம் நாளிதழ்ச் செய்தி ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் அமைகிறது. மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது, அறை தரைமட்டமானது, உரிமையாளர், போர்மேன் ஆகியோர் மீது வழக்குப் பதியப்பட்டது. இச்செய்தியில் வினை புரிவது உராய்வே. மனிதர் கடைசி வரியில்தான் வருகின்றனர். இந்நிகழ்வை விபத்தெனக் கொள்வதா, குற்றமெனக் கொள்வதா என்பது சமூகவியலும் குற்றவியலும் சந்திக்கும் இடத்தில் எழும் வினா. இவ்விரு துறைகளும் இவ்வட்டாரத்தில் எதைக் கண்டன, எதைக் காணாது விட்டன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு ஊர்களை ஆய்வு செய்வித்தார். அதன் விளைவாக 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய தொகுதியில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் ஒன்று. சிவகாசிக்கு அருகிலுள்ள ஊர் அது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் சமூகவியல் துறை தோன்றுவதற்கு முன்னரே, இக்கரிசல் வட்டாரம் மாணவர் கையேட்டில் இடம்பெற்றுவிட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது 1923இல். ஆதலால் ஸ்லேட்டரின் தொகுதி, தொழில் வருவதற்கு முந்தைய சமூகத்தின் பதிவாக நமக்குக் கிடைக்கிறது. இது எண்ணிப் பெற்ற பேறன்று, தற்செயலே.

அவ்வூர்களின் மறு ஆய்வைத் தாமஸ், இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1940இல் வெளியிட்டனர். வெடிமருந்து விதிகள் இயற்றப்பட்டுப் பட்டாசு உற்பத்தி முறையான உரிமத்திற்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 'வெள்ளைக்காலர் குற்றம்' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்து ஆற்றிய தலைமையுரை அச்சேறியதும் 1940இல்தான். குற்றம் என்பது வறியோரின் நடத்தை மட்டுமன்று, தொழில் நடத்துவோர் தம் தொழிலின் ஊடாகச் செய்யும் சட்டமீறலும் குற்றமே என்றார் அவர். மூன்று நிகழ்வுகளும் ஒன்றையொன்று அறியாதவை. அவற்றை ஒருசேர வைத்து நோக்கும் பாடத்திட்டம் அமைந்திருப்பின் இவ்வட்டாரம் பற்றிய ஆய்வுகள் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

தமிழகத்தில் குற்றம் பற்றிய அறிவு வேறொரு தடத்தில் வளர்ந்தது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபின், கைரேகைப் பதிவும் இரவு நேரக் கண்காணிப்பும் சில சமூகத்தாரின் அன்றாடமாயின. 1884ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டமோ பொருளையும் அதன் இருப்பையும் பதிவு செய்தது. ஒரே அரசு ஒருபுறம் பிறப்பிலேயே குற்றத்தைக் கண்டது. மறுபுறம் உற்பத்தியில் நேரும் மரணத்தை உரிம மீறலாக மட்டும் கண்டது. முந்தைய சட்டம் நீக்கப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. பிந்தைய பார்வை பெரிதும் மாறவில்லை என்பதே என் கருத்து.

1980களில் ஆய்வாளர் கவனம் சிவகாசிக்குத் திரும்பியது. ஸ்மிது கோத்தாரியின் கட்டுரை (1983), மைரன் வைனரின் நூல் (1991) ஆகியன குழந்தைத் தொழிலாளர் வினாவை உலகறியச் செய்தன. எம். சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 10.12.1996 அன்று வழங்கிய தீர்ப்பு, சட்டத்தை மீறிக் குழந்தையைப் பணியமர்த்தும் உரிமையாளர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனப் பணித்தது. இதில் கருதத்தக்க ஒன்றுண்டு. சிவகாசிப் பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த விபத்துச் செய்தியைக் கண்டு நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த நடவடிக்கையும் அவ்வழக்கின் ஒரு பகுதியே. எனினும் பின்னாளில் அத்தீர்ப்பு குழந்தைத் தொழிலாளர் தீர்ப்பாகவே நினைவுகூரப்படுகிறது. குழந்தையை ஆலையிலிருந்து மீட்டது பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் அக்குழந்தையின் தாய் அதே அறையில் இறப்பது ஏன் என்னும் வினா ஆய்வுலகின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

5.9.2012 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உதவிக்கு ஓடிவந்த அயலாரும் இருந்தனர். 12.2.2021 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிப்பைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்து விசாரித்தது. இத்தகைய வழக்குகளில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு பொருத்தப்படின் உச்ச அளவுத் தண்டனை ஈராண்டுச் சிறை. 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி பொருத்தப்படின் பத்தாண்டு. வேறுபாடு 'அறிந்தே செய்தார்' என்பதை மெய்ப்பிப்பதில் உள்ளது. பாரதிய நியாய சன்ஹிதா அலட்சிய மரணத்திற்கு ஐந்தாண்டு வரை உயர்த்தியபோதும் இச்சிக்கல் தீரவில்லை.

அறிந்தவர் யார்? இவ்வட்டாரத்தில் உரிமம் ஒருவர் பெயரிலும், அறைகள் உள்குத்தகையில் வேறு சிலரிடமும் இருப்பதுண்டு. மணிமருந்து கலப்பவரோ நாட்கூலி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆலையின் நடவடிக்கைகள்மீது இறுதிக் கட்டுப்பாடு உடையவரைப் பொறுப்பாளராக வரையறுத்தது. உள்குத்தகை அக்கட்டுப்பாட்டையே துண்டு துண்டாக்கிவிடுகிறது. பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்ட அமலாக்கத்தை ஆராய்ந்த கார்சன், மீறல்கள் பெருகப் பெருக அவை வழக்கமெனக் கருதப்பட்டுக் குற்றத்தன்மையை இழக்கின்றன என்று காட்டினார். அம்முடிவை இங்குச் சோதித்தறிய ஆலையைவிட ஆவணமே நல்ல களம்.

தாயின் பட்டாசுக் கூலியில் கட்டணம் கட்டிப் பயிலும் மாணவர் இவ்வட்டாரக் கல்லூரிகளுக்குப் புதியவரல்லர். சமூகவியல் வகுப்பில் அவர் சாதி, குடும்பம் பற்றிக் கற்கிறார். குற்றவியல் வகுப்பில் லொம்ப்ரோசோவையும் சதர்லாந்தையும் கற்கிறார். களப்பணிக்கு அவரை அனுப்புவதில் ஓர் இடர் உண்டு: அவர் நேர்காணும் தொழிலாளி வாய்திறந்தால் மறுநாள் வேலை நிலைக்குமா என்பது உறுதியன்று. எனவே முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே வழக்கில் அடுத்தடுத்து வைத்து, உரிமையாளர் பெயர் எந்த நிலையில் உதிர்கிறது, போர்மேன் பெயர் எதுவரை நிலைக்கிறது என்று குறிக்கச் செய்வதே இம்மாணவர்க்குரிய முதற்பயிற்சியாக அமையலாம். அதற்குப் பெயர் கூறாச் சான்றாளர் எவரும் தேவையில்லை. வழக்கு எண் போதும்.