எவரெஸ்டின் அடிக்கணக்கும் ஐதராபாத்தின் ஏரிக்கரையும்

வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண நில அளவை, தக்காணத்தின் வழியே வடக்கு நோக்கி வளர்ந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் 1818இல் அவருடன் இணைந்த இடம் ஐதராபாத். லாம்டன் 1823இல் மறைந்தபின் பொறுப்பேற்ற எவரெஸ்ட், 1830இல் புவிக்கு ஒரு நீள்கோள வடிவைக் கணித்து வெளியிட்டார். இந்திய நிலப்படங்கள் அதன்மீதும், மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டும் எழுந்தன.

அவ்வடிவம் இத்துணைக்கண்டத்துக்குப் பொருந்த அமைந்தது. இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 புவியின் நிறைமையத்தை மையமாகக் கொண்டது. இரண்டின் மையங்களுக்கும் இடையே மூன்று அச்சுகளிலும் முறையே ஏறத்தாழ 295, 736, 257 மீட்டர் வேறுபாடு உண்டு. எனவே ஒரே அட்சதீர்க்க எண்கள் இவ்விரு முறைகளிலும் ஒரே இடத்தைச் சுட்டுவதில்லை. ஐதராபாத்தில் விலகல் நூறு மீட்டரைத் தாண்டும்.

2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுப் பயன்பாட்டுத் தாள்களை டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம் கோட்டுச்சட்டத்துக்கு மாற்றியது. பழைய தாள்களிலிருந்து எண்ணிமமாக்கிய கோடுகளோ எவரெஸ்டின் புவியிலேயே நிற்கின்றன. இங்குதான் பிழை நுழைகிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளில் அடுக்குக்கு ஆயமுறையின் பெயரைச் சூட்டுவது ஒரு கட்டளை. ஆய எண்களை மறுகணக்கிட்டுப் புதிய அடுக்கை உருவாக்குவது வேறொரு கட்டளை. முன்னதை மட்டும் செய்வது, தெலுங்கு நூலின் அட்டையில் 'தமிழ்' என்று அச்சிட்டு, மொழிபெயர்ப்பு முடிந்தது என்பதற்கு ஒப்பாகும்.

பெயரிலும் கவனம் தேவை. எவரெஸ்ட் அடியில் கணக்கிட்டார். அடியை மீட்டராக்கிய விகிதம் காலந்தோறும் மாறியது. ஆகவே அவர் பெயரிலேயே அரைப் பேரச்சு 1937 வரையறையில் 6377276.345 மீட்டர், 1962இல் 6377301.243, 1975இல் 6377299.151 என வழங்குகிறது. மூலத்தாள் எதைச் சார்ந்தது என்று அறியாமல் மாற்றுச்சூத்திரத்தைத் தேர்வது ஊகமே.

யூடிஎம் மண்டலமும் அப்படியே. 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கேயுள்ள விகாராபாத் 43ஆம் மண்டலத்திலும், கிழக்கேயுள்ள ஐதராபாத் 44ஆம் மண்டலத்திலும் அடங்கும். மேலும், வெக்டர் தரவில் முனைப்புள்ளிகள் மட்டுமே இடம்மாறும். நீண்ட கோடுகளில் இடைப்புள்ளிகளைச் சேர்த்தபின் மாற்றுவதே முறை. முடிவை ஒரு புள்ளியில் மட்டும் ஒப்பிடாமல், பரப்பெங்கும் பரவிய, இடம் மாறாத பல புள்ளிகளில் சரிபார்க்க வேண்டும்.

ஏரியின் முழு நீர்மட்ட எல்லை வழக்குமன்றம்வரை செல்லும் நகரம் இது. நூறு மீட்டர் விலகல் ஒரு குடியிருப்பை நீருக்குள்ளும், நீரை மனைக்குள்ளும் வரைந்துவிடும். அந்தப் பிழைக்கு எவரெஸ்ட் பொறுப்பல்லர். அவர் கணக்கைப் படிக்காமல் பெயரை மட்டும் மாற்றிய கையே பொறுப்பு.