அயலார் சளி: செயின்ட் கில்டாத் தீவின் வரலாறு

ஸ்காட்லாந்தின் மேற்கே, வட யூயிஸ்ட் தீவுக்கும் அப்பால் ஏறத்தாழ 40 கல் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்து நிற்பது செயின்ட் கில்டாத் தீவுக்கூட்டம். இவற்றுள் பெரியது ஹிர்ட்டா. அதன் கோனகர்க் குன்று, 1,400 அடி உயரச் செங்குத்துப் பாறையாய்க் கடலில் இறங்குகிறது. கேனட், ஃபுல்மார், பஃபின் ஆகிய கடற்பறவைகள் இப்பாறைகளில் கணக்கிறந்து கூடு கட்டுகின்றன. இவ்வழகினைக் காண மக்கள் இன்றும் கடல் கடந்து செல்கின்றனர். பெயரைக் கேட்டு, கில்டா என்றொரு புனிதர் அங்கு வாழ்ந்தார் போலும் என்று எண்ணிவிட வேண்டா. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அது வெளியார் ஏட்டில் ஏறிய பெயர்.

1697ஆம் ஆண்டில் மார்ட்டின் மார்ட்டின் என்பார் அங்குச் சென்றபோது மக்கள் ஏறத்தாழ 180 பேர். அவர்கள் பேசியது கேலிக் மொழி. மீன்பிடித்தலினும் பறவை பிடித்தலையே அவர்கள் பெரிதும் நம்பினர். ஆடவர் கயிற்றில் தொங்கிப் பாறை முகட்டினின்றும் இறங்கிப் பறவையையும் முட்டையையும் திரட்டுவர். இறைச்சி உணவாயிற்று, எண்ணெய் விளக்கெரித்தது, இறகு நிலக்கிழார்க்கு வாடகையாயிற்று. பிடித்த பறவைகளைக் காற்றில் உலர்த்திச் சேமிக்கக் கல்லால் அடுக்கிய சிறு குடில்கள் ஹிர்ட்டாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. சாந்து பூசாத சுவர் வழியே காற்றுப் புகும். புல் வேய்ந்த கூரை மழையைத் தடுக்கும்.

இம்மக்கள் அஞ்சியது பாறையையன்று. வந்திறங்கும் படகையே எனலாம். வெளியிலிருந்து படகு வந்தால் சில நாளில் ஊர் முழுவதும் இருமும். ‘அயலார் சளி’ என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். அறிஞர் சாமுவேல் ஜான்சன் இதனை நம்பாது நகைத்தார். தொற்று நோயின் இயல்பை அறிந்த நமக்கு நகைக்கத் தோன்றாது. பிழைபட்டவர் அறிஞரே, தீவார் அல்லர்.

1727இல் பெரியம்மை வந்தது. அப்போது மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்னும் கடற்பாறையில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களை மீட்டு வரப் படகு செலுத்த ஊரில் ஆள் இல்லை. குளிர்காலம் முழுதும், ஏறத்தாழ ஒன்பது மாதம், பறவையும் மீனும் தின்று அப்பதினொருவரும் உயிர் தாங்கினர். திரும்பியபோது ஊரில் எஞ்சியிருந்தோர் மிகச் சிலரே. வேறு இடங்களிலிருந்து ஆட்களைக் குடியேற்றியே தீவை மீண்டும் வாழச் செய்தனர்.

1830இல் நீல் மெக்கென்சி என்னும் போதகர் அங்குக் குடியேறினார். அவரும் மனைவியாரும் நாள்தோறும் பள்ளி நடத்தி எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். ஊரைப் புதுக்கிக் கட்டுவதிலும் அவர் முன்னின்றார். ஆயினும் 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். பலர் வழியிலேயே மாண்டனர்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் கோடைதோறும் சுற்றுலாப் பயணிகளைக் கொணர்ந்தன. பயணிகள் கம்பளித் துணியும் முட்டையும் வாங்கினர். பாறையேறிக் காட்டச் சொல்லிக் காசு கொடுத்தனர். அக்காசே தீவாரைக் கெடுத்தது என்பர் சிலர். அது முழு உண்மையன்று. இறகுக்கும் எண்ணெய்க்கும் வெளியே விலை வீழ்ந்தபின், காசின்றி மாவும் தேயிலையும் வாங்குவது எங்ஙனம்? எனினும் ஒன்று கூறலாம்: தம்மைக் காட்சிப்பொருளாய்க் காணும் கண்களுக்கு முன் வாழ்வது எளிதன்று. வெளியுலகில் வேறு வாழ்வு உண்டென்பதை இளைஞரும் கண்டனர். முதல் உலகப் போருக்குப் பின் அவர்கள் ஒவ்வொருவராய் வெளியேறினர். 1920இல் 73ஆக இருந்த மக்கள்தொகை 1928இல் 37 ஆயிற்று. படகு வலிக்கவே ஆள் போதவில்லை.

1930 மே மாதம், தம்மை வெளியேற்றுமாறு தீவாரே அரசுக்கு விண்ணப்பித்தனர். ஆகஸ்டு 29ஆம் நாள் ‘ஹேர்பெல்’ என்னும் கடற்படைக் கப்பலில் 36 பேரும் ஏறினர். புறப்படுமுன் வீடுதோறும் விவிலியத்தைத் திறந்து வைத்து, அருகே சிறிது ஓட்ஸ் தானியமும் வைத்தனர் என்பர். நாய்களைக் கொண்டு செல்ல வழியின்றிக் கடலில் மூழ்கடித்தனர். மரமே இல்லாத தீவில் பிறந்த ஆடவர் பலர்க்கு அரசு அளித்த வேலை காடு வளர்க்கும் வேலை!

மக்கள் நீங்கிய சில ஆண்டுகளுள் அத்தீவுக்கே உரிய வீட்டெலி இனமும் அற்றுப்போயிற்று. மனிதர் இல்லத்தை நம்பியே அது வாழ்ந்தது. வயலெலி இன்றும் உண்டு. 1957 முதல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் காப்பில் உள்ளது. 1986இல் இயற்கைச் சிறப்புக்காக உலக மரபுச் செல்வமாயிற்று. வாழ்ந்த மக்களின் பண்பாட்டுக்கும் அச்சிறப்பு 2005இல் கிட்டியது. இன்று கரையிறங்குவோரைக் கண்டு இரும அங்குக் குடிமக்கள் இல்லை. பறவைகளைக் கருதி, படகோடு பெருச்சாளி ஏதும் வந்துவிடாதபடி காவல் செய்கின்றனர். எட்டு வயதுச் சிறுமியாய் ‘ஹேர்பெல்’ ஏறிய மூதாட்டி, அத்தீவில் பிறந்தோருள் கடைசியானவர், 2016இல் தம் 93ஆம் வயதில் காலமானார்.