காரைக்கால்: சமூக ஆய்வும் பொதுக்கொள்கையும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், கிழக்கே வங்கக் கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ, காவிரிக் கடைமடையில் அமைந்த தனித்துண்டு நிலப்பகுதியாகும். 2011 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 2,00,222. சாதி, நிலவுடைமை, உழைப்பு ஆகியவற்றை ஆராயும் சமூகவியலும் அதன் உடன்துறைகளான பொருளியல், மானிடவியல் ஆகியனவும், சட்டமாகவும் திட்டமாகவும் அரசு மேற்கொள்ளும் பொதுக்கொள்கையோடு எங்கே இணைகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை, ஒரே மண்ணும் மக்களும் ஆட்சி எல்லையால் பிரிக்கப்பட்ட இப்பகுதியில் தெளிவாகக் காணலாம்.

காரைக்காலைச் சூழ்ந்த பழைய தஞ்சை மாவட்டம் இந்தியாவில் மிகுதியாக ஆராயப்பட்ட வட்டாரங்களுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தொடங்கிவைத்து, 1918இல் நூலாக வெளிவந்த கிராம ஆய்வுகளில் நாகப்பட்டினத்தை அடுத்த பாலக்குறிச்சியும் இடம்பெற்றது. அவ்வூர் பின்னரும் பலமுறை மறு ஆய்வுக்கு உள்ளானது. 1950களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கேத்லின் கஃப் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் களப்பணி செய்தார். ஆனால் 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்கால், சென்னை மாகாணத்தை அடிப்படையாகக் கொண்ட அத்தகைய ஆய்வுகளின் வட்டத்துக்கு வெளியே நின்றது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் வெளியீடு (1956) காரைக்கால் அம்மையாரின் பாடல்களைப் பற்றியது என்பது பெருமைக்குரியதே. எனினும் அம்மையார் பிறந்த ஊரின் வயல்களில் உழைத்தோருக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

இவ்வேறுபாடு சட்டங்களின் ஆண்டுகளிலும் தெரிகிறது. பண்ணையாள் என்பவர் ஒரு மிராசுதாரிடம் (நிலவுடைமையாளரிடம்) கட்டுண்டு, அவருடைய நிலத்திலேயே குடிசையிட்டு, பெரும்பாலும் நெல்லைக் கூலியாகப் பெற்று உழைத்தவர். பி. சீனிவாச ராவ் முதலியோர் 1940களில் கட்டிய விவசாயிகள் இயக்கத்தின் நெருக்குதலால் 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆய்வு மட்டுமே அதனை உருவாக்கிவிடவில்லை. ஆயினும் அதன் விளைவை, அதாவது நிலவுடைமையாளர் பலர் பண்ணையாட்களை விடுவித்துத் தினக்கூலிகளாக்கியதால் பாதுகாப்புக்கு உரியோரே அதன் வரம்பிலிருந்து நழுவியதை, களத்தில் கண்டு பதிவு செய்தது சமூக ஆய்வே. காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தபோதிலும், அதற்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1960களில்தான் இயற்றப்பட்டது. பயிரிடும் குத்தகைதாரரை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டம் சென்னை மாநிலத்தில் 1955இலும் புதுச்சேரியில் 1970இலும், நில உச்சவரம்புச் சட்டம் முறையே 1961இலும் 1973இலும், குடியிருப்பு மனையை அதில் வாழும் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இலும் 1973இலும் வந்தன. வரப்புக்கு அப்பால் கிடைத்த அனுபவத்தைப் பதினைந்து ஆண்டுகள் வரை பயன்படுத்தாமல் விட்டது, ஆட்சி எல்லையையே சமூக எல்லையாகக் கொண்டதன் தவறு என்றே கொள்ள வேண்டும்.

கடற்கரையில் நிலைமை சற்று வேறு. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து, அதாவது பட்டினவர் சமூகத்தின் வழக்காற்று ஆட்சிமன்றம், தொழில் விதிகளை வகுக்கவும் பூசல்களைத் தீர்க்கவும் ஆற்றல் உடையது. சோழமண்டலக் கடற்கரை மீன்பிடி முறைகளை ஆராய்ந்த மார்ட்டன் பாவிங்க் முதலியோர் இதன் வலிமையை விரிவாக எழுதியுள்ளனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் நிவாரணம் இப்பஞ்சாயத்துகளின் வழியாகவே பெருமளவு சென்றது. அதனால் உதவி விரைந்து சேர்ந்தது, ஆனால் பஞ்சாயத்தில் இடமில்லாத பெண்களும் மீனவரல்லாத தலித் தொழிலாளரும் பல இடங்களில் விடுபட்டனர். ஒரு நிறுவனம் யாருக்காகப் பேசுகிறது என்று கேட்காமல் அதன் வழியே உதவி வழங்குவது கொள்கையின் குறையாகும்.

நீருக்கும் காரைக்கால் தன் ஆட்சி எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டையே சார்ந்திருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கி, உச்ச நீதிமன்றம் 2018இல் மாற்றாது விட்ட 7 டி.எம்.சி. நீர், தமிழ்நாட்டின் ஆறுகளையும் வாய்க்கால்களையும் கடந்தே காரைக்கால் வயல்களை அடைகிறது.