மெக்கன்னாஸ் கோல்டும் வாடகை டெக்கும்

நீலசந்திராவிலிருந்து ஆஸ்டின் டவுன், ரிச்மண்ட் ரோடு வழியாகப் போனால் பிரிகேட் ரோடு சுமார் மூன்று கிலோமீட்டர். பெங்களூர் தண்டுப் பகுதியின் சினிமா ரசனை அந்த மூன்று கிலோமீட்டருக்குள் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, ரெசிடென்சி ரோடு பக்கம் பிளாசா, ரெக்ஸ், கேலக்ஸி, புளூ மூன், புளூ டைமண்ட் என்று ஆங்கிலப் படத் தியேட்டர்கள். இந்தப் பக்கம், 1809இல் படைமுகாம் அமைந்ததிலிருந்து பட்டாளத்தின் பின்னாலேயே வந்து குடியேறிய தமிழர்களின் தெருக்கள், அவர்களுக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெய்சங்கர். குதிரையும் துப்பாக்கியும் தொப்பியுமாக ஓடிய கௌபாய் படம் இரண்டு பக்கமும் இருந்தது. அங்கே கிரிகரி பெக், இங்கே ஜெய்சங்கர். இருவரையும் ஒரே அறையில், ஒரே இரவில், ஒரே பெட்டியில் காட்டியது 1980களில் வந்த வீடியோ டெக். தியேட்டர்கள் மூடப்பட்ட பிறகும் அந்தப் படங்கள் நினைவில் நிற்கக் காரணம் வீடியோதான் என்பது பொதுவான பேச்சு. அதில் பாதிதான் சரி. வீடியோ கௌபாய் படத்தின் கதையையும் முகங்களையும் காப்பாற்றியது, நிலத்தைக் கைவிட்டது. நிலம் போன பிறகு மிஞ்சியதைப் பார்த்துத்தான் தமிழ் கௌபாய் படங்கள் வெறும் கேலிக்கூத்து என்று தீர்ப்பும் எழுதிவிட்டோம்.

நிலம் என்றால் என்ன என்பதற்கு ‘மெக்கன்னாஸ் கோல்டு’ ஒன்று போதும். ஜே. லீ தாம்சன் இயக்கி 1969இல் வந்த அந்தப் படம் அமெரிக்காவில் தோற்றது. இந்தியாவிலோ, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூடத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த படம் அது. சோவியத் யூனியனிலும் அப்படித்தான். கதை ஒன்றும் பெரிதில்லை: புதையல், வரைபடம், பேராசை, நயவஞ்சகம். கூட்டம் காத்திருந்தது ஒரு காட்சிக்கு. விடியற்காலையில் செங்குத்தான ஒற்றைப் பாறையின் நிழல் தரையில் நீண்டு நகர்ந்து, மலைச்சுவரில் ஒரு இடத்தைத் தொடுகிறது; அங்கேதான் தங்கப் பள்ளத்தாக்குக்கு வாசல். அரிசோனாவின் கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்பைடர் ராக் என்ற பாறை அது. அந்தக் காட்சியில் நடிகர்களுக்கு வேலையே இல்லை. ஒரு பாறையும் சூரியனும் நடிக்கின்றன, அதற்கு அகலமான திரை வேண்டும். மொழி தெரியாதவனுக்கும் படம் புரிந்தது என்றால், வசனம் சொல்லாததை நிலம் சொன்னதால்தான்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது, கூடவே வெளிநாட்டிலிருந்து டெக்குகளும். வீட்டுக்கு வீடு டெக் வாங்க யாருக்கும் வசதியில்லை. டி.வி.யையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு கேசட்டுகளைப் போட்டு விடிய விடியப் பார்ப்பதுதான் வழக்கம். கல்யாண வீடு, கோயில் திருவிழா, துக்க வீட்டில் கண்விழிக்கும் இரவு என்று எதற்கும் டெக். புதுப் படம் ஒன்று, பழைய எம்.ஜி.ஆர். ஒன்று, சண்டைக்காக ஓர் ஆங்கிலப் படம் என்பது ஏறக்குறைய எழுதாத விதி. தமிழும் உருதும் கன்னடமும் அடுத்தடுத்த வாசலில் கேட்கும் நீலசந்திரா போன்ற இடத்தில், மொழி தேவைப்படாத குதிரைப் படம் எல்லோருக்கும் தோதானது. இந்த வியாபாரம் எவ்வளவு பெருத்தது என்பதற்குச் சட்டமே சாட்சி. வீடியோ திருட்டைத் தடுப்பதற்கென்றே 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். டெக் வைத்துக் காசு வாங்கிப் படம் காட்டுவதும் சினிமாச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டிக்குள் படம் எப்படிப் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய டி.வி.யின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று. இத்தாலிய கௌபாய் படங்களோ உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேலான அகலத்தில் எடுக்கப்பட்டவை. டி.வி. நிறையும்படி கேசட் போட்டால், படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஓரங்களில் வெட்டுப்பட்டுப் போகும். செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ (1966) கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வட்டமான கல்லறைத் திடலில் மூன்று பேர் முக்கோணமாக நிற்கிறார்கள். யார் யாரைச் சுடப்போகிறார் என்ற பதற்றமே அந்த மூவருக்கும் இடையே கிடக்கும் வெற்றிடத்தில்தான் இருக்கிறது. வெட்டிய கேசட்டில் மூவரும் ஒன்றாகத் தெரிவதில்லை. இருவர் தெரிந்தால் மூன்றாமவர் வெளியே. ஆனால் அடுத்து வரும் நெருக்கக் காட்சிகள், இடுங்கிய கண், நெற்றி வியர்வை, துப்பாக்கிமேல் துடிக்கும் விரல், இவை சின்னத் திரையில் அப்படியே நிற்கும். மோரிகோனி அமைத்த இசையும் நிற்கும். வி.எச்.எஸ். கேசட்டின் துல்லியம் சுமார் 240 வரிகள்தான். அதிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று போகப் போகத் தூரத்தில் வரும் குதிரைக்காரன் முதலில் புள்ளியாகி, பிறகு காணாமலே போவான். லியோனியிடம் மிஞ்சியது தொப்பி, சுருட்டு, கண், விசில்.

இனி நம்முடைய படங்களுக்கு வருவோம். ‘கற்பகம்’ (1963) போன்ற படங்களின் ஒளிப்பதிவாளரான எம். கர்ணன், இயக்குநராகவும் ஆகி ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) என்று ஜெய்சங்கரைக் குதிரையேற்றினார். ஆந்திராவில் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ (1971) ராஜஸ்தான் பாலைவனத்தில் எடுக்கப்பட்டு, ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று தமிழிலும் வந்தது. தேவர் பிலிம்ஸ் 1978இல் ரஜினிகாந்தை வைத்து ‘தாய் மீது சத்தியம்’ எடுத்தது. இவை அத்தனையும் காப்பி, காப்பி அழிந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். கேட்பவர் கௌபாய் படத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். லியோனியின் முதல் கௌபாய் படமே அகிரா குரோசவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து எடுத்தது. ஜப்பான்காரர்கள் வழக்குப் போட்டுப் பங்கும் வாங்கினார்கள். ஹாலிவுட்டின் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ (1960) குரோசவாவின் ‘செவன் சாமுராய்’தான். இந்த வரிசையில் கோடம்பாக்கத்துக்கு மட்டும் தனிக் குற்றப்பத்திரிகை எழுதுவது நியாயமில்லை.

அதைவிட முக்கியம், கர்ணன் எதை விட்டுவிட்டார் என்பது. அமெரிக்கப் படத்தின் உயிர்நாடி எல்லைப்புறம்: குடியேறிகள், செவ்விந்தியர்கள், இன்னும் சட்டம் வராத ஊர். ‘காலம் வெல்லும்’ படத்தில் இதெல்லாம் கிடையாது. அங்கே சட்டம் இருக்கிறது, அது பண்ணையார் கையில் இருக்கிறது. அநியாயத்துக்கு ஆளான விவசாயி கொள்ளைக்கூட்டத்தோடு சேருகிறான். இது டெக்சாஸ் கதையல்ல. நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து 1954இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘மலைக்கள்ள’னுக்கு இவன் தம்பி முறை. குதிரைமேல் வரும் நல்ல கொள்ளைக்காரன் நமக்குப் பழைய ஆள்தான். தொப்பி மட்டும் இறக்குமதி. இதை எடுத்தவர் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். புழுதியும் பாறையும் ஓடும் குதிரையும் எந்தக் கோணத்தில் எப்படி விழ வேண்டும் என்பதுதான் அவர் தொழில், படத்தின் பலமும் அங்கேதான். அப்படிப்பட்ட படம் தேய்ந்த பிரிண்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டின் துல்லியத்தைத் தாண்டாத வி.சி.டி.க்கும் போனபோது, வானமும் தரையும் ஒரே சாம்பல். அந்தச் சாம்பலுக்கு முன்னால் ஒட்டு மீசையும் தோல் கச்சையுமாக ஒருவர் நிற்பது சிரிப்பைத் தரும்தான். சிரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

பின்னால் வந்த பகடிகளே இதற்கு அத்தாட்சி. சேனல் வி டி.வி.யின் சிறு விளம்பரத் துணுக்குகளில் பிறந்து 2009இல் முழுப் படமான ‘குயிக் கன் முருகன்’, 2010இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’, இரண்டும் தென்னிந்திய கௌபாயை அன்போடு கிண்டல் செய்தவை. சிம்புதேவன் தன் கற்பனை ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயரே வைத்தார். அன்பு உண்மையானது. ஆனால் கிண்டலுக்கு அகப்பட்டவை எல்லாம் சின்னத் திரையில் தப்பிப் பிழைத்தவை: உடை, வசனம், துப்பாக்கியைச் சுழற்றும் ஸ்டைல். கர்ணனின் கேமராவை யாரும் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யவும் முதலில் அது தெரிந்தாக வேண்டுமே.

வீடியோ இல்லையென்றால் அந்தச் சாம்பல்கூட மிஞ்சியிருக்காது என்பது வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். எம்.ஜி. ரோட்டு ஆங்கிலத் தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் பார்ப்பது பெரும்பாலும் ஆண்களின் சமாசாரம். பெண்களையும் குழந்தைகளையும் மெக்கன்னாவுக்கு முன்னால் உட்காரவைத்தது டெக்தான். தியேட்டரில் கிடைக்காததை வீடியோ தந்த கதையும் உண்டு, அது பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், மைசூர் ரோட்டில் இருக்கும் ராமநகரத்துப் பாறைகளில் எடுத்த படத்தின் கதை. ‘ஷோலே’ 1975 ஆகஸ்ட் 15இல், நெருக்கடி நிலை வந்த இரண்டாம் மாதம் வெளியானது. ரமேஷ் சிப்பி முதலில் படமாக்கிய முடிவில் தாக்கூர் ஆணி வைத்த செருப்பால் கொள்ளைக்காரன் கப்பரைக் கொல்கிறார். முன்னாள் போலீஸ்காரர் சட்டத்தைக் கையில் எடுப்பதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. எனவே போலீஸ் வந்து தடுக்கும் முடிவைப் புதிதாக எடுத்து ஓட்டினார்கள். வெட்டுப்பட்ட பழைய முடிவு பின்னால் வீடியோவில்தான் சுற்றியது. முழு வடிவம் துலக்கப்பட்டு 2025 ஜூனில் இத்தாலியின் போலோனியா விழாவில் பெரிய திரையேறும்வரை, தணிக்கையை ஏமாற்றியது கேசட்தான். வீடியோ காப்பாற்றியது இங்கேயும் கதையை. 70 எம்.எம். திரைக்கென்று பெருக்கிக் காட்டிய ராமநகரத்துப் பாறைகளை அது காப்பாற்றவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் நேரில் பார்த்துவிடக்கூடிய பாறைகளை, வீட்டு டி.வி.யில் முழுசாகப் பார்க்க முடியாமல் இருந்தது.

அளவுதான் குற்றவாளி என்றால், உள்ளங்கை அகல காமிக்ஸ் புத்தகம் எப்படி வென்றது என்றும் ஒருவர் மடக்கலாம். சிவகாசியின் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் டெக்ஸ் வில்லரையும் லக்கி லுக்கையும் கேப்டன் டைகரையும் தமிழ் வாசகனின் வீட்டு ஆட்களாகவே ஆக்கிவிட்டன. டெக்ஸும் லியோனியைப்போல இத்தாலிச் சரக்குதான். அந்தப் பக்கங்களில் பாலைவனம் சுருங்கவில்லையே? சுருங்கவில்லை, ஏனென்றால் ஓவியர் அந்தத் தாளின் அளவுக்கென்றே பாலைவனத்தை வரைந்தார். வாசகன் ஒரு கட்டத்தில் வேண்டிய நேரம் நின்று, தூரத்துக் குதிரைக்காரனை எண்ணிவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். கேசட்டில் இருந்ததோ பெரிய திரைக்கு எடுத்த படம், அதை எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்தது படத்தை டேப்புக்கு மாற்றிய யாரோ ஒருவர். சின்னதாக இருப்பதும் வெட்டுப்பட்டிருப்பதும் வேறு வேறு.

இப்போது அகலமான டி.வி. எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது. பிரிகேட் ரோட்டின் பழைய ஆபரா ஹவுஸ் 2018இல் சாம்சங் கடையாக மாறி, ஒரு காலத்தில் படம் காட்டிய கட்டடம் டி.வி. விற்கிறது. பிளாசா இருந்த இடத்தில் மெட்ரோ ஸ்டேஷன். ரெக்ஸ் 2018 கடைசியில் மூடியது. இனிப் படத்தை வெட்டிக் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, ஆகவே பழைய குறை தீர்ந்தது என்று சொல்லலாம். லியோனிக்குத் தீர்ந்தது. ‘ஷோலே’வுக்குத் தீர்ந்தது. கிருஷ்ணாவின் குடும்பத்தார் முன்னின்றதால் ‘மோசகாள்ளக்கு மோசகாடு’க்கும் 2023இல் 4கே பிரிண்ட் வந்து தியேட்டரில் ஓடியது. துலக்குவதற்கு நெகட்டிவ் வேண்டும், உரிமைக்காரர் வேண்டும், பணம் போட ஒரு நட்சத்திரத்தின் ரசிகர் கூட்டம் வேண்டும். கர்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றைய 55 அங்குலத் திரையிலும் பழைய கேசட்டின் மங்கலோடுதான் ஓடுகின்றன. பழைய டி.வி. மறைத்த மங்கலைப் புது டி.வி. பெரிதாக்கிக் காட்டுகிறது. அவை கேலிக்கூத்தா இல்லையா என்ற வழக்கில் நெகட்டிவை யாராவது தேடியெடுத்து அலசும்வரை சாட்சியே இன்னும் கூண்டேறவில்லை.